உயரத்தைக் குறைப்பதா, அசைவை அடக்குவதா?

1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் மாஸ்டா நிறுவனம் எம்எக்ஸ்-5 என்ற இரண்டு இருக்கைக் காரை அறிமுகம் செய்தது. அமெரிக்காவில் அதை மியாட்டா என்றார்கள். ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்றது. 1.6 லிட்டர் எஞ்சின், பின்சக்கர இயக்கம், நான்கு சக்கரங்களுக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். ஜப்பானில் விற்ற முதல் வடிவத்தின் எடை 940 கிலோதான். 1960களின் லோட்டஸ் எலான் போன்ற பிரிட்டிஷ் கார்களில் இருந்த ஓட்டும் சுகத்தை, அவற்றின் தொல்லைகளை விட்டுவிட்டுத் தர வேண்டும் என்பதே இதை உருவாக்கியவர்களின் எண்ணம்.

முதல் தலைமுறைக் கார் 1997 வரை தயாரானது. இன்று ஒருவர் கையில் இருக்கும் கார், கடைசியாக வெளிவந்ததாகவே இருந்தாலும், கால் நூற்றாண்டைத் தாண்டியது. அதன் ஷாக் அப்சார்பர்கள் தளர்ந்து, வளைவில் பின்பக்கம் ஊசலாடத் தொடங்கும்போது உரிமையாளர் முன் இரண்டு வழிகள் நிற்கின்றன. ஒன்று, பில்ஸ்டீன் அல்லது கோனி போன்ற பெயர்பெற்ற நிறுவனத்தின் ஷாக் நான்கும், சற்றே விறைப்பான ஸ்பிரிங்கும், புது பம்ப் ஸ்டாப்பும் வாங்கிப் போடுவது. மற்றொன்று, உயரத்தைத் திருகிக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற மலிவு விலைக் காயிலோவர் செட். அமெரிக்கச் சந்தையில் இரண்டுக்கும் ஆகும் செலவு ஆயிரம் டாலரை ஒட்டியே இருக்கும். ஆகவே எது மலிவு என்ற கேள்விக்கு இங்கே வேலையில்லை. ஒரே பணத்துக்கு எது என்ன தருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் சக்கரம் மேலும் கீழும் போய்வரும் தூரம். இந்தக் காரில் அது இயல்பிலேயே குறைவு. பள்ளத்திலோ வளைவிலோ சக்கரம் மேலெழும்போது, ஷாக்கின் தண்டைச் சுற்றியிருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற நுரைக்கட்டை அதைத் தடுக்கும். தடுத்த கணத்தில் அந்த மூலையின் விறைப்பு பல மடங்கு எகிறும். வேகமாக வளையும்போது பின்பக்க வெளிச்சக்கரத்துக்கு இது நேர்ந்தால் டயரின் பிடி சட்டென்று குறைந்து வால் விலகிப் போகும். காரை 30 மில்லிமீட்டர் தாழ்த்தினால், அந்த 30 மில்லிமீட்டரும் இந்தக் குறுகிய தூரத்திலிருந்தே கழிகிறது. பழைய ஷாக்கை அப்படியே விட்டுவிட்டுத் தாழ்த்தும் ஸ்பிரிங்கை மட்டும் மாட்டுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான சிக்கனம். கார் பாதி நேரம் நுரைக்கட்டையின் மேலேயே ஓடும்.

முதல் வழி இந்தத் தூரத்தைக் காப்பாற்றப் பார்க்கிறது. உயரம் கொஞ்சமே குறைகிறது. நீளமான பழைய பம்ப் ஸ்டாப்புக்குப் பதில் குட்டையான, படிப்படியாக இறுகும் ஒன்றைப் போடலாம். 1998இல் வந்த இரண்டாம் தலைமுறைக் காரின் மேல் மவுண்ட் அமைப்பு கூடுதல் அசைவுக்கு இடம் தருகிறது. தேவையான துணைப் பாகங்களோடு அதைப் பழைய காரில் பொருத்துவது இந்தக் கார்க்காரர்களிடையே நன்கு அறிமுகமான உத்தி. காரைப் பிரித்து விற்கும் இடங்களில் அந்த மவுண்ட் குறைந்த விலைக்கே கிடைக்கும்.

இரண்டாம் வழி அதே சிக்கலை விறைப்பால் தீர்க்கிறது. கார் தாழ்ந்தே நிற்கப் போகிறது என்று வைத்துக்கொண்டு, நுரைக்கட்டையில் முட்டாதபடி கனத்த ஸ்பிரிங்கைத் தருகிறார்கள். முன்பக்கம் மில்லிமீட்டருக்கு 8 கிலோ என்பது இத்தகைய செட்களில் அபூர்வமில்லை. அதன் விளைவைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கையான விஷ்போனின் நடுப்பகுதியில் ஸ்பிரிங் உட்கார்ந்திருப்பதால் சக்கரம் 10 மில்லிமீட்டர் நகர்ந்தால் ஸ்பிரிங் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் நகர்கிறது என்று கொள்வோம். நகர்வும் விசையும் ஒரே விகிதத்தில் குறைவதால் சக்கரத்துக்கு எட்டும் விறைப்பு பாதியாகிவிடும். ஒரு மூலை தாங்கும் எடை 210 கிலோ என்று வைத்தால், 8 கிலோ ஸ்பிரிங்கில் காரின் உடல் நொடிக்கு 2.2 முறை அதிரும். அதில் பாதி விறைப்புள்ள 4 கிலோ ஸ்பிரிங்கில் 1.5 முறை. சாதாரணக் கார்கள் நொடிக்கு 1 முதல் 1.5 வரை என்ற அளவில் அதிர்பவை. 2ஐத் தாண்டினால் அது பந்தயக் கார்களின் எல்லை. வழவழப்பான பந்தயத் தடத்தில் அந்த விறைப்பு உதவும். ஒட்டுப்போட்ட சாலையில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். துள்ளுகிற சக்கரத்தால் வளையவும் முடியாது, நிற்கவும் முடியாது. 940 கிலோ காரில் அடக்க வேண்டிய கனமே குறைவு. கனமான காருக்கு வேண்டிய விறைப்பை இதற்குக் கொடுப்பது, அதன் பெரிய வசதியை நாமே பறிப்பதாகும்.

விறைப்பு கூடினால் ஷாக்கின் வேலையும் கூடும். ஸ்பிரிங் இரண்டு மடங்கு விறைப்பானால், அதே அளவு அடக்கத்துக்கு ஷாக்கின் தடுப்பு விசை 1.4 மடங்காக வேண்டும். ஆக, கனத்த ஸ்பிரிங் கேட்கும் ஷாக் நல்லதாகவும் இருந்தாக வேண்டும். மலிவு செட்டின் உள்முரண் இதுதான்: எளிய ஷாக்குக்குக் கடினமான வேலை. திருகுக் குழாய், பளபளக்கும் வண்ணப்பூச்சு, முப்பத்திரண்டு கிளிக் உள்ள குமிழ் என்று கண்ணுக்குத் தெரிபவற்றைச் செய்வது எளிது. எண்ணெயை எந்த வேகத்தில் எவ்வளவு தடுப்பது என்று தீர்மானிக்கும் வால்வு உள்ளே ஒளிந்திருக்கிறது. விலையைக் குறைக்க நினைப்பவர் கை வைப்பதும் அங்கேதான். பல மலிவு செட்களில் குமிழை ஒரே எண்ணில் வைத்தாலும் இடப்புற ஷாக்கும் வலப்புற ஷாக்கும் ஒரே விசை தருவதில்லை. முதல் வழியில் குமிழ்கள் குறைவு. பில்ஸ்டீனின் சாதாரண வகையில் திருக எதுவுமே கிடையாது. கோனி ஸ்போர்ட்டில் ஷாக் நீளும்போது எழும் தடுப்பை மட்டும் கூட்டிக் குறைக்கலாம். சாலைக்கு அது போதும்.

காயிலோவருக்கு மெய்யான பலங்களும் உண்டு. நான்கு மூலைகளின் உயரத்தையும் தனித்தனியே திருக முடிவதால், ஓட்டுநர் அமர்ந்த நிலையில் மூலைவிட்ட எடைகளைச் சமன்செய்யலாம். இத்தனை இலேசான காரில் 75 கிலோ ஓட்டுநர் ஒரு பக்கம் அமர்ந்தாலே சமநிலை மாறும் என்பதால் பந்தயத் தடத்தில் இதன் பலன் தெரியும். பொருத்துவதும் சுலபம், ஸ்பிரிங், ஷாக், மேல் மவுண்ட் எல்லாம் பூட்டிய நிலையிலேயே வந்துவிடும். முதல் வழியிலோ ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி வேண்டும். அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் ஆளையே முடமாக்கிவிடும் என்பதால் பழகாதவர் அந்த வேலையை மெக்கானிக்கிடம் விட வேண்டும். அந்தக் கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

காலம் போகப் போகத் தராசு மறுபடி முதல் வழியின் பக்கம் சாய்கிறது. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும் காயிலோவரின் திருகு மரைகள் துருவேறி இறுகும். உயரத்தை மாற்றத் தந்த வசதியே சில குளிர்காலங்களில் அசையாமல் போகும். கோனி, பில்ஸ்டீன் ஷாக்குகளைப் பிரித்துப் புதுப்பித்துத் தரும் பட்டறைகள் உண்டு. மலிவு செட் ஒழுகத் தொடங்கினால் பெரும்பாலும் இன்னொரு செட் வாங்குவதே வழி.

இரண்டு வழியிலும் தவிர்க்க முடியாத வேலை ஒன்று இருக்கிறது. விஷ்போன்கள் காரின் சட்டத்தோடு சேரும் இடங்களில் உள்ள ரப்பர் புஷ்கள் வெடித்திருந்தால், எந்த ஷாக்கைப் போட்டாலும் சக்கரம் தன் கோணத்தில் நிற்காது. எம்எக்ஸ்-5இல் நான்கு சக்கரங்களின் கேம்பர் (செங்குத்துச் சாய்வு), டோ (உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணம்) இரண்டையும் திருத்த முடியும். கீழ் விஷ்போன்களில் மையம் விலகிய போல்ட்கள் வைத்திருக்கிறார்கள். அந்த போல்ட்களும் துருவில் இறுகும் குணம் கொண்டவை. அவற்றை விடுவித்து ஒரு தடவை முறையாக வீல் அலைன்மென்ட் செய்தால், ஷாக்கின் குறை என்று நினைத்த பாதி குற்றச்சாட்டுகள் மறையக்கூடும். நல்ல டயர் நான்கு போட்டால் மீதியில் கொஞ்சமும் போகும்.

இதன்படி பார்த்தால், சாலையில் ஓட்டுபவருக்கு முதல் வழியே ஏற்றது: குறைந்த தாழ்வு, அடக்கமான ஸ்பிரிங், தரமான ஷாக். வாரக் கடைசிகளில் பந்தயத் தடத்துக்குப் போய், மூலை எடையை அளந்து திருத்தவும் தயாராக இருப்பவருக்குக் காயிலோவர் பொருந்தும். அப்போதும் கொஞ்சம் பொறுத்துப் பணம் சேர்த்து அடுத்த தரத்தை வாங்குவது நல்லது.

எந்தப் பக்கம் போவது என்று இன்னும் தயங்குபவர் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். ஷாக்கின் தூசி உறையை விலக்கி, தண்டின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் கேபிள் டை ஒன்றைச் சுற்றிவிட்டு, வழக்கமான சாலையில் வழக்கமான வேகத்தில் ஓட்டிவிட்டு வந்து பார்க்க வேண்டும். டை நகர்ந்து பம்ப் ஸ்டாப்பை முட்டி நின்றால், இந்தக் காருக்குக் குறைவாக இருப்பது அசைவுத் தூரம். உயரத்தைக் குறைக்கும் எதையும் வாங்கக் கூடாது. முட்டாமல் வழியிலேயே நின்றிருந்தும் கார் ஊசலாடினால், குறைவாக இருப்பது ஷாக்கின் பிடி. பணத்தை அங்கே செலவிடலாம்.