கல்விக் கடனும் நம் கடமையும்

பெற்ற கல்விக் கடனைத் திருப்பிச் செலுத்துதல் வெறும் பணக் கணக்கன்று. அதற்குள் நம் வரலாறும் அடங்கியுள்ளது.

அண்ணல் அம்பேத்கர் 1913ஆம் ஆண்டு பரோடா சமஸ்தானத்தின் பொருளுதவி பெற்று அமெரிக்கா சென்றார். மாதம் பதினொன்றரைப் பவுன், காலம் மூன்றாண்டு. படிப்பு முடிந்தபின் பத்தாண்டுகள் சமஸ்தானத்திற்குப் பணிபுரிவதாக எழுதிக் கொடுத்திருந்தார். அவ்வாக்கைக் காக்கவே 1917இல் பரோடா சென்றார். தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்தும் தடியேந்தியவர்கள் விரட்டினர். பட்ட கடனை உழைத்துத் தீர்க்க அவர் முன்வந்தார். தீர்க்கவிடாது தடுத்தது சாதி.

விடுதலைக்குப் பின், 1963இல் மத்திய அரசு தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கிற்று. வட்டியில்லாக் கடன் அது. பெற்றவர் ஆசிரியரானால், பணியாற்றும் ஒவ்வோராண்டுக்கும் பத்திலொரு பங்கு தள்ளுபடியாயிற்று. பிள்ளைகளுக்குக் கற்பிப்பதே தவணையாயிற்று என்பது ஆசிரியராகிய நமக்குப் பெருமை. அத்திட்டம் இன்றில்லை; வட்டியோடு கூடிய வங்கிக் கடனே பெருகியுள்ளது.

இளைஞர்களே! உதவித்தொகை வேறு, கடன் வேறு என்பதைக் கையெழுத்திடுமுன் அறிந்துகொள்ளுங்கள். ஊதியம் வந்ததும் தவணையைத் தவறாது செலுத்துங்கள். வேலை கிட்டாவிடில் ஒளியாதீர்கள். வங்கிக்கு எழுதி அவகாசம் கேளுங்கள். அது இழிவன்று.

பெற்றதைத் திருப்பித் தருதல் நம் கடன். கற்றவனுக்கு உழைக்க இடமளித்தல் நாட்டின் கடன். முன்னதைச் செலுத்துவோம், பின்னதைத் தலைநிமிர்ந்து கேட்போம்.