நெல்சன் கடைசியாகச் சொன்னது

1805 அக்டோபர் 21. ஸ்பெயினின் டிரஃபால்கர் முனைக்கு அருகே போர் உச்சத்தில் இருந்தது. பிரெஞ்சுக் கப்பலின் பாய்மரத்தில் ஏறி நின்று ஒருவன் சுட்ட குண்டு, பிரிட்டிஷ் தளபதி நெல்சனின் இடது தோளில் இறங்கி, நுரையீரலைத் துளைத்து, முதுகெலும்பில் போய்த் தங்கியது. பிற்பகல் ஒன்றேகால் மணி. விக்டரி கப்பலின் கீழ்த்தளத்துக்குத் தூக்கிச் சென்றபோது, மாலுமிகள் தன்னை அடையாளம் கண்டு கலங்கிவிடக் கூடாதென்று கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

உயிர் பிரியும்போது மணி நாலரை. இடையில் நிறையப் பேசினார். வம்பே அதில்தான்.

கப்பலின் கேப்டன் ஹார்டி போருக்கு நடுவே இரண்டு முறை இறங்கி வந்து பார்த்தார். எதிரிக் கப்பல்கள் பதினாலோ பதினைந்தோ பிடிபட்டன என்றார். இருபதாவது வேண்டும் என்று எண்ணியிருந்த நெல்சனுக்கு அது போதவில்லை. தன் உடலைக் கடலில் வீச வேண்டாம் என்றார். காதலி எம்மா ஹாமில்டனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பிறகு, "கிஸ் மீ, ஹார்டி."

ஹார்டி மண்டியிட்டுக் கன்னத்தில் முத்தமிட்டார். அருகிலிருந்த கப்பல் மருத்துவர் வில்லியம் பீட்டி 1807இல் வெளியிட்ட நூலில் இதைக் கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறார். கூச்சப்பட்டவர்கள் பின்னால் வந்தவர்கள். ஒரு மாவீரன் சாகும்போது இன்னோர் ஆணிடம் முத்தம் கேட்பதாவது! அவர் சொன்னது 'கிஸ்மத்', அதாவது விதி, என்று ஒரு விளக்கம் கிளம்பியது. பதின்ம வயதில் சீஹார்ஸ் கப்பலில் சென்னைக்கு வந்து போனவர், அங்கே காதில் விழுந்திருக்கும் என்று வேண்டுமானால் இழுக்கலாம். ஆனால் அந்தச் சொல் ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்ததே பல ஆண்டுகள் கழித்துத்தான். அதைவிட, விதியே என்று நொந்துகொண்டவரை ஹார்டி ஏன் குனிந்து முத்தமிட வேண்டும்?

உண்மையில் அது கடைசிச் சொல்லே அல்ல. உயிர் போனபோது ஹார்டி மேல்தளத்தில் இருந்தார். கடவுளுக்கு நன்றி, என் கடமையைச் செய்துவிட்டேன் என்று நெல்சன் திரும்பத் திரும்பச் சொன்னதாகப் பீட்டி எழுதினார். மார்பைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த பாதிரியார் ஸ்காட்டின் காதில் கடைசியாக விழுந்தது, கடவுளும் என் நாடும் என்பது. நடுநடுவே தண்ணீர் கேட்டார், விசிறச் சொன்னார். நினைவுச் சின்னங்களுக்கு உகந்தது கடமைதான். அன்று காலை கொடிகளை ஏற்றி அவர் படைக்கு விடுத்த செய்தியும் கடமையைப் பற்றியதே.

உடலைப் பிராந்திப் பீப்பாயில் இட்டுக் கொண்டுவந்து, 1806 ஜனவரி 9 அன்று லண்டன் புனித பவுல் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். நெல்சனின் அண்ணனுக்குப் பிரபுப் பட்டமும் ஆண்டுக்கு 5,000 பவுண்டு உதவித்தொகையும் கிடைத்தன. எம்மாவைப் பற்றிச் சொன்னதில் எவருக்கும் சந்தேகம் இல்லை. அரசு அவருக்கு ஒன்றும் தரவில்லை. கடனில் மூழ்கி, பிரான்சுக்கு ஓடி, 1815இல் கலே நகரில் இறந்தார்.