பிட்ஸ்பர்க் நகரின் மலிவு: ஜீவனச் செலவு பற்றிய ஒரு விசாரணை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நகரங்களை ஜீவனச் செலவின்படி வரிசைப்படுத்தும் அட்டவணைகளில், பென்சில்வேனிய மாநிலத்துப் பிட்ஸ்பர்க் நகரம், நியூயார்க்குக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் வெகு கீழே, மலிவான ஊர் என்ற கீர்த்தியுடன் இடம்பெறுவது வழக்கம். நல்ல நிர்வாகத்தின் பலனே இம்மலிவு என்று கருதுவோர் உண்டு. அந்த அபிப்பிராயம் ஆராய்ச்சிக்கு முன் நிற்காது என்பதே என் கட்சி.

1950ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் 6,76,806 ஆக இருந்த நகரத்தின் ஜனத்தொகை, 2020இல் 3,02,971 ஆகச் சுருங்கியது. மொனாங்கஹேலா ஆற்றங்கரை உருக்காலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு, பேர்பெற்ற ஹோம்ஸ்டெட் ஆலையும் 1986இல் அணைந்தபோது, வேலை தேடி வெளியேறிய குடும்பங்கள் தாம் குடியிருந்த செங்கல் வீடுகளைப் பெயர்த்துக்கொண்டு போக இயலவில்லை. எனவே பெருங்கூட்டத்துக்கென எழுப்பப்பட்ட வீடுகளைச் சிறு கூட்டம் பங்கிட்டுக்கொள்ளும் விசித்திர நிலைமை உண்டாயிற்று. வீடு நெடுநாள் நிலைக்கும் பொருளாதலால், க்ஷீணிக்கும் நகரங்களில் அதன் விலை புதிதாகக் கட்டும் செலவுக்கும் கீழே இறங்கும் என்பதைப் பொருளியலறிஞர் எட்வர்டு கிளேசரும் ஜோசப் ஜியூர்கோவும் 2005இல் விளக்கினர். பிட்ஸ்பர்க் அதற்குத் தக்க உதாரணம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். 1913 முதற்கொண்டு இந்நகரம், நிலவரியை வலியுறுத்திய பொருளியல் சிந்தனையாளர் ஹென்றி ஜார்ஜின் சித்தாந்தத்தைத் தழுவி, கட்டடத்தைவிட நிலத்துக்கு அதிக விகிதத்தில் வரி விதித்து வந்தது; நிலத்தை வெறுமனே முடக்கி வைப்பதை அவ்வரி தண்டித்தமையால் வீடுகள் மலிந்தன என்று அவருடைய அனுயாயிகள் வாதிப்பர். அவ்வாதத்தில் சாரம் இல்லாமல் இல்லை. எனினும், 2001இல் அம்முறை கைவிடப்பட்ட பின்னரும் வீட்டு விலை தேசிய நிலைக்குத் தாழ்ந்தே இருந்தபடியால், மலிவின் பிரதான காரணத்தை வரியில் தேடுவதைவிட ஜனக்குறைவில் தேடுவதே நியாயம்.

இனி அட்டவணையையே பரிசீலிப்போம். அத்தகைய அட்டவணைகளில், 1968 முதல் வெளிவரும் பெயர்பெற்ற குறியெண் ஒன்று, மளிகை, குடியிருப்பு, மின்சாரம் முதலிய வசதிகள், போக்குவரத்து, வைத்தியம், இதர செலவு என்ற ஆறு பிரிவுகளை, உயர் உத்தியோகஸ்தர் குடும்பங்களின் செலவுப் பழக்கத்தை அளவுகோலாகக் கொண்டு கணக்கிடுகிறது. வருமான வரியும் சொத்து வரியும் அதில் சேர்வதில்லை. பிட்ஸ்பர்க்வாசியோ தன் சம்பளத்தில் மாநிலத்துக்கு 3.07 சதவீதமும், நகரசபைக்கும் பள்ளி மாவட்டத்துக்குமாகச் சேர்த்து 3 சதவீதமும் செலுத்துகிறான். மளிகைக்கும் பெரும்பாலான உடுப்புகளுக்கும் விற்பனை வரி இல்லை என்பதை அவனுக்குச் சாதகமாக ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் மலிவாக வாங்கிய பழைய வீடு அவனைச் சும்மா விடுவதில்லை: மலைச்சரிவில் மண்ணைத் தாங்கும் சுவர் சாயும், ஈயக் குழாயை மாற்ற நேரும், பனிக்காலமெல்லாம் எரிவாயுக் கணப்பு எரிந்துகொண்டிருந்தும் இடுக்குகள் வழியே உஷ்ணம் கசியும். கிரயத்தில் கண்ட லாபத்தில் ஒரு பங்கை மராமத்து திரும்ப வாங்கிக்கொள்ளும். அதைத் தனியே கணக்கிடும் பத்தி அட்டவணையில் கிடையாது.

ஆகவே, இவ்வூர் மலிவு யாருக்கு மலிவு என்று கேட்பதே முறை. ஆஸ்பத்திரிகளிலும் கார்னகி மெலன் சர்வகலாசாலையிலும் வெளியூர்ச் சந்தைக்கு ஈடான சம்பளத்துடன் வந்து அமர்பவருக்கு அது மெய்யான சகாயம். அதே ஆஸ்பத்திரியில் இரவில் தரை துடைப்பவருக்கோ, 2009 முதல் மணிக்கு 7.25 டாலராக நின்றுவிட்ட குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தரும் பாதுகாப்பு மிகச் சொற்பம். பேருந்து ஓயும் நேரத்தில் வேலை முடிவதால் மோட்டார் வண்டியொன்றையும் அவர் பராமரித்தாக வேண்டும்.

பிட்ஸ்பர்க்குக்குக் குடிபோக எண்ணும் வாசகர், சம்பளத்திலிருந்து அந்த 6.07 சதவீதத்தை முதலில் கழித்து, வாங்கப்போகும் வீட்டின் வயதையும் விசாரித்தறிந்த பிறகே அட்டவணையைப் புரட்டுவாராக.