தண்டப்பணம் கட்டிய மறுநாள்: மதுபோதைச் சாரதிகளும் இன்டர்லொக் கருவியும் – அம்பாறைக் கரையோரத்தை முன்வைத்து

மதுபோதையில் வாகனம் செலுத்தி அகப்படும் ஒருவரை இலங்கைச் சட்டம் கடுமையாகவே நடத்துகிறது. ஆனால் அந்தக் கடுமையின் ஆயுள் குறைவு. வீதியில் மறிக்கிறார்கள், ஊதச் சொல்கிறார்கள், வாகனம் பொலிஸ் நிலையத்துக்குப் போகிறது. நீதவான் முன்னிலையில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டியதும் விஷயம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மறுநாள் அவர் எந்த நிலையில் வாகனத்தில் ஏறுகிறார் என்று பார்க்க எவரும் இல்லை. தண்டனையின் அளவைப் பற்றி நாம் நிறையப் பேசியாகிவிட்டது. அது எவ்வளவு காலம் சாரதியோடு கூடப் பயணிக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கல்முனை முதல் பொத்துவில் வரையான கரையோரத்தில் இக்கேள்விக்கு வேறோர் அவசரமும் உண்டு.

1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 151 ஆம் பிரிவு, மது அல்லது போதைப்பொருள் உட்கொண்டபின் நெடுஞ்சாலையில் வாகனம் செலுத்துவதைத் தடைசெய்கிறது. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்பதே நெடுங்காலமாக இங்கு எல்லையாக இருந்துவருகிறது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது 50. இந்தியாவில் அது 30. ஸ்கொட்லாந்து 2014 டிசம்பரில் 80 இலிருந்து 50 க்கு இறங்கியது. விபத்தில் உயிரிழப்பு நேர்ந்தால் இரண்டு முதல் பத்து ஆண்டு வரை சிறைக்கும் அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. உயிரிழப்பில்லாத சாதாரண வழக்கில் தண்டப்பணமே மையம். 2019 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கத் திருத்தம் அதன் ஆகக் குறைந்த தொகையை 25,000 ரூபாவாக உயர்த்தியது. இந்த உயர்வு முதலில் வரவுசெலவுத் திட்ட யோசனையாக வந்தபோது, 2016 டிசம்பரில் தனியார் பஸ்கள் பணிப்புறக்கணிப்பில் இறங்கியதைப் பலரும் மறந்திருக்கமாட்டார்கள்.

25,000 ரூபா எல்லோருக்கும் ஒரே 25,000 அல்ல. சாய்ந்தமருதுவில் வாடகைக்கு ஓட்டோ ஓட்டுபவருக்கு அது பல நாள் உழைப்பு. அடகுக்கடை வரை கொண்டுபோகக்கூடிய தொகை. சொந்தமாக இரண்டு லொறி வைத்திருப்பவருக்கு அது ஓர் எரிச்சல், அவ்வளவுதான். சம்பளத்துக்கு ஓடும் சாரதியின் தண்டத்தை முதலாளி கட்டினால், தண்டனை குற்றவாளியைத் தொடவே இல்லை. அனுமதிப்பத்திர இடைநிறுத்தம் இதைவிடச் சமமானதாகத் தோன்றும். ஆனால் அது காகிதத்தில் இருக்கும் தடை. வாகனத்தின் சாவி அப்போதும் அவர் சட்டைப்பையிலேயே இருக்கிறது. அனுமதிப்பத்திரம் பறிக்கப்பட்டவர்களில் கணிசமானோர் தொடர்ந்து வாகனம் ஓட்டுகிறார்கள் என்பது அமெரிக்கா உட்படப் பல நாடுகளில் ஆய்வுகளால் நிறுவப்பட்ட செய்தி. மருதமுனையின் உள்வீதியொன்றில் மோட்டார் சைக்கிளில் போகிறவரை யார் மறித்து அனுமதிப்பத்திரம் கேட்கப்போகிறார்கள்?

இந்த இடைவெளியை நிரப்பவே பிற நாடுகளில் இன்டர்லொக் கருவி வந்தது. வாகனத்தில் பொருத்தும், கைத்தொலைபேசி அளவிலான ஒரு பெட்டி. சாரதி அதன் குழாயில் சில விநாடிகள் விடாமல் ஊதவேண்டும். சிலவகைக் கருவிகள் ஊதும்போதே முனகவும் கேட்கும். பலூனிலிருந்து காற்றை விட்டு ஏமாற்றுவதைத் தடுக்க அந்த ஏற்பாடு. உள்ளே பிளாட்டினம் பூசிய மின்கலத்தில் மூச்சிலுள்ள எதனோல் ஒட்சியேற்றமடைந்து சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். அது குறித்த அளவைத் தாண்டினால் ஸ்டார்ட்டர் மோட்டருக்குப் போகும் இணைப்பு மூடாது, எஞ்சின் இயங்காது. புறப்பட்ட பின்னரும் இடையிடையே ஊதச் சொல்லிக் கேட்கும். வேறொருவரை ஊதவைத்துவிட்டுத் தான் ஓட்டுகிற தந்திரத்துக்கு அது பதில். ஒவ்வோர் ஊதலும் நேரத்தோடு பதிவாகும். குறித்த இடைவெளியில் கருவியை அளவுத்திருத்தம் செய்யக் கொண்டுபோகும்போது அந்தப் பதிவு கண்காணிப்பாளர் கைக்குப் போய்ச் சேரும்.

கலிபோர்னியா 1986 இல் இதைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. நியூ மெக்சிகோ 2005 இல் முதற்தடவைக் குற்றவாளிகள் எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. 2011 இல் வெளியான முறைசார் மீளாய்வொன்று, கருவி பொருத்தப்பட்டிருக்கும் காலத்தில் மறுபடி கைதாவது இடைநிலையாக 67 சதவீதம் குறைந்ததாகக் கண்டது. அதே மீளாய்வின் இரண்டாவது முடிவை இதன் ஆதரவாளர்கள் அடக்கி வாசிப்பது வழக்கம்: கருவியைக் கழற்றியதும் அந்தப் பலன் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. ஆகவே கருவி திருத்துவதில்லை, தடுக்கிறது. குடிப்பழக்கத்துக்கான சிகிச்சை கூடவே நடந்தால்தான் அந்தத் தடுப்புக் காலத்துக்கு அர்த்தம் உண்டு.

இலங்கைச் சட்டத்தில் இப்படியோர் ஏற்பாடு இல்லை. கொண்டுவரத்தான் வேண்டுமா என்று கேட்டால், நம் கரையோரத்தின் முஸ்லிம் ஊர்களில் உடனே எழும் மறுப்பு ஒன்று உண்டு. மது ஹராம், ஊருக்குள் மதுக்கடைக்கு இடமில்லை, குடித்துவிட்டுத் தெருவில் வருபவரைப் பள்ளிவாசல் நிர்வாகமும் குடும்பமும் பார்த்துக்கொள்ளும், இது வேறு ஊர்களின் பிரச்சினை என்பார்கள். சமூகக் கட்டுப்பாட்டின் வலிமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பெரும்பாலானோரைக் குடியிலிருந்து விலக்கி வைத்திருப்பது அதுதான். ஆனால் மீதமுள்ள சிலரை அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதையும் நேர்மையாகப் பார்க்கவேண்டும். ஊருக்குள் குடிக்க முடியாதவர் ஊருக்கு வெளியே போய்க் குடிக்கிறார். காரைதீவுச் சந்தியால் திரும்பி, சம்மாந்துறை தாண்டி அம்பாறை நகருக்குப் போகிறார். அல்லது அக்கரைப்பற்றிலிருந்து திருக்கோவில், கோமாரி கடந்து, 40 கிலோமீற்றருக்கு மேல் ஓடிப் பொத்துவிலுக்கும் அறுகம்பேக்கும் போகிறார். வெட்கம் காரணமாக அங்கே தங்கவும் முடியாது, வீட்டில் கேட்பார்கள். எனவே இருட்டில், எவரும் காணாதபடி, தானே ஓட்டிக்கொண்டு திரும்பவேண்டும். வீட்டருகே குடித்துவிட்டு நடந்தே போகக்கூடியவரைவிட இவர் வீதிக்கு ஆபத்தானவர். கட்டுப்பாடு குடிப்பவர் தொகையைக் குறைக்கிறது. குடித்தவர் ஓட்டும் தூரத்தைக் கூட்டுகிறது. இதை எண்ணிக்கையில் நிறுவ ஊர்வாரியான விபத்துத் தரவு வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் இந்த வீதிகளின் புவியியலை அறிந்த எவருக்கும் தர்க்கம் விளங்கும். அந்த வீதி முஸ்லிம் ஊர்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. பாண்டிருப்பிலும் காரைதீவிலும் திருக்கோவிலிலும் வீதியோரம் சைக்கிள் மிதித்துப் போகிறவர்களுக்கும் உரியது.

வெட்கத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. அகப்பட்டவரின் குடும்பம், வழக்கு ஊருக்குத் தெரியாமல் முடிந்தால் போதும் என்று நினைக்கிறது. விரைவாக ஒப்புக்கொள், விரைவாகக் கட்டு, விரைவாக மற. ஒரே நாளில் முடியும் தண்டனையும் மறைக்க விரும்பும் சமூகமும் ஒன்றுக்கொன்று தோதாக அமைந்துவிட்டன. சிகிச்சை தேவைப்படும் மனிதர் இந்த இரண்டுக்கும் நடுவில் நழுவிப் போகிறார். அவருடைய குடியை முதன்முதலாக ஒரு வைத்தியர் அறியும் சந்தர்ப்பம் கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் வாய்க்கக் கூடாது.

அப்படியானால் குற்றம் நிரூபிக்கப்பட்ட எல்லோர் வாகனத்திலும் கருவியைப் பூட்டிவிடலாமா? முடியாது. காரணம் எளிது: இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள். உதைத்து ஸ்டார்ட் செய்யும் சைக்கிளிலும், கைப்பிடியை இழுத்து ஸ்டார்ட் செய்யும் பழைய ஓட்டோவிலும் ஸ்டார்ட்டர் இணைப்பைத் துண்டித்துப் பயனில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது இருசக்கர வாகனத்தில் மறுபடி ஊதச் சொல்வது அதுவே ஆபத்து. இதனால்தான் வெளிநாடுகளிலும் பல இடங்களில் மோட்டார் சைக்கிளை இத்திட்டத்தில் சேர்ப்பதில்லை. வீட்டில் கார் ஒன்றும் மோட்டார் சைக்கிள் ஒன்றும் இருந்தால், காரில் கருவி பூட்டப்பட்டவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார்.

மோட்டார் சைக்கிள்காரருக்கும் ஓட்டோ சாரதிக்கும் வேண்டியது கருவியின் உள்ளே இருக்கும் கருத்து: மாதக்கணக்கில் நீடிக்கும், ஆளை நேரில் பார்த்து நடத்தும் கண்காணிப்பு. அதற்குரிய சட்டம் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டத்தின்படி, சிறைக்குப் பதிலாக ஒருவரை ஓர் உத்தியோகத்தரின் மேற்பார்வையில் வைத்து, ஊதியமில்லா வேலையும் உளவளத்துணையும் நீதிமன்றம் கட்டளையிடலாம். மதுபோதை வழக்கில், குறிப்பாக இரண்டாந்தடவை வருபவருக்கு, இதை விதிவிலக்காக அல்லாமல் வழமையாகவே பயன்படுத்தவேண்டும். ஆறு மாதம், வாரம் ஒரு முறை வந்து ஊதிக் காட்டு என்பதும், மது ஒழிப்பு உளவளத்துணைக்கு ஒழுங்காகப் போ என்பதும் தண்டப்பணத்தைவிட ஏழைக்கு மலிவு, பணக்காரருக்குக் கனம். அந்தச் சமநீதிக்காகவே நான் இதை வலியுறுத்துகிறேன்.

இன்னொரு குறையையும் மறைக்கக்கூடாது. இன்டர்லொக் எதனோலை மட்டுமே அறியும். 151 ஆம் பிரிவு போதைப்பொருளையும் சேர்த்தே தடைசெய்கிறது. இன்று கரையோர ஊர்களில் தாய்மார் பயப்படுவது சாராயத்தைவிட ஐஸுக்கும் கஞ்சாவுக்கும். வாயில் மது நாற்றம் இல்லை, பலூனில் நிறம் மாறாது. இவற்றை எடுத்த சாரதிக்குக் கருவி பச்சை விளக்கே காட்டும். மூச்சைச் சோதிக்கும் கருவியில் மட்டும் பணத்தைக் கொட்டினால், மதுவை விட்டு வேறொன்றுக்கு மாறியவரைச் சட்டமே தேறியவராக்கிவிடும். உமிழ்நீர்ச் சோதனை வசதி கரையோரப் பொலிஸ் நிலையங்களுக்கும் வரும்வரை, மேற்சொன்ன மேற்பார்வைக் கட்டளைக்கே இங்கு முதலிடம் தரவேண்டும் என்று நான் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொழில்நுட்பத்தில் நம் ஊருக்கென்றே ஒரு நுணுக்கம் உண்டு. நோன்பு காலத்தில் பகல் முழுதும் உண்ணாதிருப்பவரின் மூச்சில் அசிட்டோன் சற்றுக் கூடும். நீரிழிவு நோயாளருக்கும் அப்படியே. மலிவான குறைகடத்தி உணரிகள் இதை மதுசாரமாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. பிளாட்டினம் மின்கலம் உள்ளவை பெரும்பாலும் அப்படி ஏமாறுவதில்லை. இப்தாருக்கு முன் ஊரை அடைய விரையும் ஒரு சாரதி, துளி மதுவும் தொடாதவர், கருவியால் குற்றவாளியாவது இத்திட்டத்தின் மீதான நம்பிக்கையை ஒரே நாளில் அழித்துவிடும். எனவே எந்த விதிமுறை வந்தாலும் உணரியின் வகையையும், ஐரோப்பாவின் இ.என். 50436 போன்ற ஒரு கருவித் தரத்தையும் எழுத்திலேயே குறிப்பிடவேண்டும். வாய் கொப்பளிக்கும் மருந்தோ இருமல் பாணியோ காரணமாக முதல் ஊதல் தவறினால், சில நிமிடம் கழித்து மறுபடி ஊத வாய்ப்பும் இருக்கவேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது? பாராளுமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஓரிடம் உண்டு: கல்முனையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் கொழும்புக்கு ஓடும் இரவு பஸ்கள். ஒரு சாரதியின் கையில் ஐம்பது உயிர் வரை தூங்கிக்கொண்டு போகிறது. மாகாணம் கடந்து ஓடும் தனியார் பஸ்களுக்கு அனுமதி வழங்குவது 1991 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. அந்த அனுமதியில் நிபந்தனைகள் விதிக்கும் அதிகாரமும் அதற்குண்டு. மதுபோதைக் குற்றம் நிரூபிக்கப்பட்ட ஒருவரைச் சாரதியாக வைத்திருக்கும் பஸ்ஸில் கருவி கட்டாயம் என்பதை முதல் நிபந்தனையாகவும், புதிதாகப் பதிவாகும் இரவு பஸ்கள் எல்லாவற்றிலும் என்பதை இரண்டாவதாகவும் கொள்ளலாம். பிரான்ஸில் 2015 செப்டெம்பர் முதல் பிரயாணிகள் பேருந்துகளில் கருவி கட்டாயமாக உள்ளது. அங்கு ஊதுவது சந்தேகத்துக்குரியவர் மட்டுமல்ல, எல்லாச் சாரதிகளும். ஆகவே அதில் அவமானம் எதுவும் ஒட்டவில்லை. வெட்கத்தால் எல்லாவற்றையும் மூடிவைக்கும் நம் ஊர்களுக்கு இந்த அம்சம் மிகப் பெரிய சௌகரியம்.

செலவை யார் ஏற்பது என்பதே இறுதித் தடையாக நிற்கும். அமெரிக்காவில் குற்றவாளியே மாதவாடகை கட்டுகிறார். கட்டமுடியாத ஏழைகள் கருவி இல்லாமலே ஓட்டத் துணிகிறார்கள் என்ற குறையும் அங்கு எழுந்திருக்கிறது. இங்கு பஸ்ஸில் கருவியின் செலவு அனுமதி பெற்ற உரிமையாளருடையதாக இருக்கவேண்டும், சாரதியின் சம்பளத்திலிருந்து அறவிடக் கூடாது. நிபந்தனையில் அதையும் எழுதவேண்டும். சொந்தக் கார் வைத்திருக்கும் குற்றவாளி தன் செலவிலேயே பூட்டிக்கொள்ளட்டும். மேற்பார்வைக் கட்டளையின் கீழ் வரும் ஓட்டோ சாரதிக்கான சோதனைச் செலவை அரசு ஏற்கவேண்டும். மதுபோதை வழக்குகளில் தண்டப்பணமாகச் சேரும் தொகையில் ஒரு பங்கை அதற்கென ஒதுக்கினாலே போதும்.