வளர்ப்பு முத்தின் வரலாறு

நவமணிகளுள் கடலுயிர்களால் ஆக்கப்படுவன முத்தும் பவளமுமே. மூங்கில், கரும்பு, யானைக்கோடு எனப் பல இடங்களை முத்தின் பிறப்பிடமாக நம் முன்னோர் கூறிப் போந்தனர். சுவாதி மழைத்துளி சிப்பியில் வீழ்ந்து முத்தாகும் என்பாரும் உளர். உண்மை யாதெனில், சிப்பியின் உடலைப் போர்த்த மெல்லிய தசையே ஓட்டின் உட்புறத்து ஒளிப்படலத்தைச் சுரக்கின்றது. அத்தசையின் அணுக்கள் சில உடலினுட் புகுந்து பையாக வளர்ந்து, அப்படலத்தை அடுக்கடுக்காகச் சுரக்குமாயின் முத்து உண்டாம். இச்செயலை மனிதன் தூண்டி விளைவிப்பதே வளர்ப்பு முத்து. மணவினைக்கு நகை கொள்ளும் நம் குலத்தினர் சிலர் இதனைப் பொய்ம்முத்து என இகழ்தலை யாம் கேட்டிருக்கின்றோம். ஆகலின் இதன் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

இக்கலையில் முற்பட்டவர் சீனர். 13ஆம் நூற்றாண்டளவிலேயே அவர்கள் நன்னீர்ச் சிப்பியின் ஓட்டுக்கும் தசைக்கும் இடையே சிறு புத்த வடிவங்களைச் செருகி, அவற்றின்மேல் ஒளிப்படலம் படியச் செய்தனர். எனினும் அவை ஓட்டோடு ஒட்டிய புடைப்புகளேயன்றி உருண்டை முத்துகள் அல்ல. சுவீடன் தேயத்து இயற்கை நூற்புலவர் லின்னேயஸ், வெள்ளிக் கம்பியிற் பொருத்திய சுண்ண மணியை ஆற்றுச் சிப்பியினுள் வைத்து உருண்டை முத்தே விளைவித்தார். அவர் 1762இல் அம்மறையை ஒரு வணிகருக்கு விற்றார். வாங்கியவரோ அதனாற் பயன் கொண்டிலர்.

ஜப்பானியராகிய மிகிமோட்டோ 1893இல் அரைக்கோள முத்தை விளைவித்து, 1896இல் காப்புரிமையும் பெற்றார். உலகம் அவர் பெயரொன்றையே அறியும். ஆயின் உருண்டை முத்துக்கு வழி வகுத்தோர் மிசே, நிஷிகாவா என்னும் அந்நாட்டார் இருவர் என்பதை மறத்தல் முறையன்று. சிப்பியோட்டிற் கடைந்த மணியோடு, வேறொரு சிப்பியின் தசைத்துணுக்கையும் சேர்த்து உடலினுள் வைப்பதே 1907ஆம் ஆண்டளவில் வெளிப்பட்ட அம்முறையின் நுட்பம். மணி தனித்துக் கிடப்பின் முத்தாகாது. தசைத்துணுக்கே அதனைச் சூழ்ந்து பையாகிச் சுரப்பது.

1921இல் இம்முத்துகள் லண்டன் சந்தையை எய்தியபோது வணிகர் கலங்கிப் போலி எனத் தூற்றினர். பாரிசில் எழுந்த வழக்கோ 1924இல் மிகிமோட்டோவின் பக்கமே முடிந்தது. எம் கருத்தும் அதுவே. மீன்செதிற் சாந்து பூசிய கண்ணாடி மணியன்றோ பொய்ம்முத்து! ஆயினும் வளர்த்ததை இயற்கை முத்தென்று கூறி விற்பது வஞ்சனை என்பதில் ஐயமில்லை.

ஜப்பானின் அக்கோயாச் சிப்பி தருவது சிறு வெண்முத்து. 1956இல் ஆஸ்திரேலியாவில் வளர்ப்புத் தொடங்கப்பெற்ற தென்கடல் முத்து உருவிற் பெரியது. கருமுத்துக்குப் பெயர்பெற்றவை தஹிதி முதலிய தீவுகள். சீனர் இன்று பெருக விளைக்கும் நன்னீர் முத்திற் பெரும்பாலானவற்றுக்கு மணி வைப்பதில்லை, தசைத்துணுக்கே போதும்.

தூத்துக்குடியில் இயற்கை முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. 1973இல் அவ்வூரிலேயே மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் மன்னார்க் கடற்சிப்பியில் உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினர்.