முத்திரையில்லாப் பட்டம்: தொண்டமான் குடும்பமும் மலையகத் தலைமையின் வாரிசுரிமையும்

பாரனெட் என்ற பரம்பரைப் பட்டத்தை 1611இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் காசுக்குத்தான் கொடுத்தார். அல்ஸ்டரில் முப்பது சிப்பாய்களை மூன்று ஆண்டு பராமரிக்கும் செலவாக 1,095 பவுண் கட்டியவருக்குப் பட்டம் கிடைத்தது. அவர் கண்மூடினால் அது மூத்த மகனுக்குப் போனது. இலங்கைத் தேயிலையோடு சேர்த்துப் பேசப்படும் பாரனெட் சர் தோமஸ் லிப்டன். 1890இல் அப்புத்தளைப் பக்கம் தம்பத்தென்னைத் தோட்டத்தை வாங்கிய அவருக்கு 1902இல் அந்தப் பட்டம் வந்தது. பிள்ளையில்லாமல் 1931இல் அவர் இறக்க, பட்டமும் அத்தோடு முடிந்தது.

எந்த மன்னரின் முத்திரையும் இல்லாமல் நுவரெலியாவில் நீடித்திருப்பது தொண்டமான் குடும்பம். அந்த நீடிப்புக்கு மலையக ஆய்வுகளில் வழமையாகச் சொல்லப்படும் காரணம் கங்காணி மரபு. ஆள்கட்டி வந்த பெரிய கங்காணியின் அதிகாரம் மகனுக்குத் தொழிற்சங்கத் தலைமையாகவும், பின்வந்தோருக்கு அமைச்சுப் பதவியாகவும் உருமாறியது என்பார்கள். இது பாதி உண்மை. மீதிப் பாதியை 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களில் தேட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கங்காணி வாதத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. சிவகங்கைச் சீமையின் முனைப்புதூரிலிருந்து வறுமைக்குத் தப்பி வந்த கருப்பையா, தோட்டக் கூலியாகத் தொடங்கிப் பெரிய கங்காணியானார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறம்பொடையில் வேவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கினார். பெரும்பாலும் துரைமாரே முதலாளிகளாக இருந்த காலம் அது. 1913இல் முனைப்புதூரில் பிறந்த மகன் சௌமியமூர்த்தி பதினொரு வயதில் இலங்கை வந்து, கம்பளை சென். அன்றூஸ் கல்லூரியில் படித்து, பின்பு அந்தத் தோட்டத்தையே நிர்வகித்தார். தோட்டச் சொந்தக்காரர் தொழிலாளருக்குச் சங்கத் தலைவரானதை எதிரிகள் கடைசிவரை குத்திக்காட்டினார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் துரையோடு மேசைக்கு இந்தப் பக்கம் கூச்சமின்றி உட்காரும் துணிவும் அந்தச் சொத்திலிருந்துதான் வந்தது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இருந்தும் இந்த விளக்கம் ஓரிடத்தில் சறுக்குகிறது. மலைநாட்டில் பெரிய கங்காணிகள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். தொழிலாளரைக் கடன் சீட்டால் கட்டிவைத்த துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்ட பிறகும் பலர் வசதியாகவே வாழ்ந்தார்கள். அவர்களின் வாரிசுகள் ஏன் தலைவர்களாகவில்லை? கங்காணிக் குடும்பத்தில் பிறக்காத அப்துல் அசீஸ் எப்படித் தொண்டமானுக்குச் சமமான தலைவரானார்? 1950களின் நடுவில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸிலிருந்து அவர் பிரிந்துபோய் நடத்திய ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் சிறிய சங்கமல்ல.

விடையைச் சங்கத்தின் வரலாற்றில் தேட வேண்டும். 1939இல் நேருவின் வருகையையொட்டி இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. அதன் தொழிற்சங்கப் பிரிவே 1950இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆனது. 1947 தேர்தலில் நுவரெலியாத் தொகுதியிலிருந்து சௌமியமூர்த்தி பாராளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1952இல் மலையகத் தமிழர் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை.

வாக்குப் பெட்டி இல்லாத அந்த இடைவெளியில் தோட்டத் தொழிலாளி தன் விருப்பத்தைப் பதிவுசெய்ய ஒரே ஓர் இடம் எஞ்சியது: சம்பளச் சீட்டு. அரிசி, மா, டோபி, கோயில் பணம் என்று கழிவுகள் நீளும் அந்தத் தாளில் சங்கச் சந்தாவுக்கும் ஒரு வரி உண்டு. கையெழுத்துப் போட்டு ஒரு சங்கத்திலிருந்து விலகி இன்னொன்றில் சேரலாம். சந்தா அங்கே போகும். மாதாமாதம் நடந்த தேர்தல் என்றே இதைச் சொல்வேன். 1960இலும் 1965இலும் தொண்டமான் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றத்தில் அமர்ந்தது இந்தச் சந்தாப் பட்டியலின் பலத்தில்தான். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அவரோடு பேச வேண்டியிருந்தது.

1977இல் மூன்று உறுப்பினர் கொண்ட நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் காமினி திசாநாயக்க, அநுர பண்டாரநாயக்க ஆகியோருக்கு அடுத்து மூன்றாமவராகத் தெரிவானார், 1978இல் அமைச்சரானார். 1986இன் பிரார்த்தனைப் போராட்டத்தில் தொழிலாளர் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகாமல் கோயிலில் கூடினார்கள். அரசு நாடற்றோர் பிரச்சினைக்கு வழிதேட, 1988இல் சட்டம் வந்தது. சங்கத்தை அரசியல் கருவியாகக் கையாண்ட கலையின் உச்சம் அதுவே. மகனுக்கோ பேரனுக்கோ அது எளிதில் வாய்க்கவில்லை.

1999இல் அவர் மறைந்ததும் தலைமை பேரன் ஆறுமுகனிடம் போனது. வாக்குரிமை பெருமளவில் திரும்பியிருந்த காலம் அது. இங்கேதான் கங்காணி வாதம் சோதனைக்கு உள்ளாகிறது: கங்காணிப் பரம்பரைதான் மூலபலம் என்றால் பேரன் காலத்திலும் அது குறையாமல் நின்றிருக்க வேண்டும். ஆனால் 2015இல் தமிழ் முற்போக்குக் கூட்டணி நுவரெலியாவில் மூன்று ஆசனங்களைப் பிடித்தது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் ஆட்கள் இருவருக்கே இடம் கிடைத்தது. போட்டி வந்ததும் பட்டம் ஆட்டம் கண்டது.

2020 மே 26இல் ஆறுமுகன் திடீரென இறந்தார். நோர்வூட்டில் தாத்தாவின் பெயர் தாங்கிய விளையாட்டரங்கில், கொரோனாக் கட்டுப்பாடுகளுக்கிடையே மே 31இல் தகனம் நடந்தது. வேட்பாளர் பட்டியலில் அவர் பெயர் இருந்த இடத்துக்கு மகன் ஜீவன் வந்தார். ஆகஸ்ட் தேர்தலில் 1,09,155 விருப்பு வாக்குகள் பெற்றார். இது என் வாதத்தை மறுக்கிறது என்பார்கள். ஒரு சாவின் அனுதாபமும், வேட்பாளர் இடத்தைக் குடும்பத்துக்கே கொடுத்த கட்சியின் முடிவும் சேர்ந்த கணக்கு அது. அதை வைத்து நூற்றாண்டுப் பழமையான கங்காணி விசுவாசத்தை நிறுவ முடியாது.

கூடுதல் கவனத்துக்குரியது 2021. நாட்சம்பளத்தைத் தீர்மானித்துவந்த கூட்டு ஒப்பந்தத்திலிருந்து கம்பனிகள் விலகின. சம்பளச் சபை 1,000 ரூபாயை நிர்ணயித்தது. சங்கமும் கம்பனியும் தமக்குள் பேசி முடித்த காலம் அத்தோடு தடைப்பட்டது. சம்பளத்தை அரசின் சபை முடிவுசெய்யும்போது, சந்தா கட்டும் தொழிலாளி அதற்கு ஈடாக என்ன பெறுகிறார் என்ற கேள்விக்கு இந்த வீட்டின் அடுத்த வாரிசு பதில் சொல்ல வேண்டியிருக்கும்; வேவண்டன் பங்களா அதற்கு உதவாது.