யாழ். மாநகரசபையும் ஒரு வாக்கும்

உள்ளூராட்சியை எங்கள் புலமையாளர்கள் வரலாறாகக் கணிப்பதில்லை. நான் விரிவுரையாளனாக இருந்த நாட்களிலும் அது வடிகால், சந்தைவரிச் சங்கதிதான். ஆனால் எமது அரசியலின் கோளாறு அங்கேதான் முதலில் தெரிந்தது.

சுதந்திரக் கட்சியைச் சேர்ந்த மேயர் அல்பிரட் துரையப்பா 1975 யூலை 27இல் பொன்னாலையில் கோயில் வாசலில் சுடப்பட்டார். 1965இலும் 1970இலும் பாராளுமன்றத் தேர்தல்களில் யாழ்ப்பாண வாக்காளர் அவரைத் தோற்கடித்தே இருந்தனர். துப்பாக்கிக்கு அங்கே என்ன வேலை?

அவரைத் துரோகியென்று மேடைகளில் வசைபாடியவர்களின் கூட்டணி 1998 சனவரித் தேர்தலில் சபையைப் பிடித்தது. மே 17இல் மேயர் சரோஜினி யோகேஸ்வரன் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து வந்த பொன். சிவபாலனைச் செப்டெம்பர் 11இல் குண்டு கொன்றது.

2020 டிசம்பரில் மேயர் ஆர்னோல்டின் வரவுசெலவுத் திட்டம் தோற்றது. 30ஆம் திகதி மணிவண்ணன், ஈ.பி.டி.பி. ஆதரவுடன், 21க்கு 20 என மேயரானார். "கொள்கையை வித்துப்போட்டாங்கள்" என்று பிறம்ரன் தொழிற்சாலையில், மதிய இடைவேளையில், நண்பரொருவர் கொதித்தார். வித்திருக்கலாம். ஆனால் தோற்ற ஆர்னோல்ட் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தார்; 2023 சனவரியில் மேயராகத் திரும்பியும் வந்தார்.